மில் கேட்டுக்கு ஒரு டிக்கெட்

தம்பி, இந்த டிக்கெட்டுல என்ன ஊரு போட்டிருக்குன்னு சித்த பாத்துச் சொல்லுங்க. கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டன். மில் கேட்டுன்னுங்களா? நல்லாப் பாருங்க. மில் கேட்டுதானா? அட கெரகமே! நான் போறது கோயம்புத்தூருங்க, சிங்காநல்லூரு. இருபத்தெட்டு வருசம் இதே ரோட்டுல, இதே மாதிரி வெடியக்காலப் பஸ்ஸுல போனவன். கண்டக்டர் பக்கத்துல வந்து நின்னாப் போதும், வாய் தானா ‘மில் கேட் ஒண்ணு’ங்கும். ரிட்டையர்டாகி நாலு வருசமாச்சு. வாய்க்கு இன்னும் தெரியல.

இருக்கட்டும். மில்லு வர்றதுக்குள்ள சொல்லி மாத்திக்கறன். நீங்களும் ஒரு வார்த்த ஞாபகப்படுத்துங்க.

தீபாவளிக்கு மாமனார் ஊட்டுக்கா? சம்சாரம் முன்னாலயே போயிட்டாங்களா? நல்லது, நல்லது. நான் என்ற ஊட்டுக்காரியப் பாக்கப் போறனுங்க. மக ஊட்டுல இருக்கறா. இந்தப் பையில இருக்கறது சீல. நேத்துக் கடை சாத்தற நேரத்துல ஓடிப்போயி எடுத்தது. கடையில இருந்த புள்ள, ‘அம்மாவுக்கு என்ன கலருங்க புடிக்கும்’னு கேட்டுது. எனக்கு என்ன தெரியும்? நீலம் குடு அம்மிணின்னுட்டன். நீலம்னா நல்லா இருக்குன்னு அர்த்தம், எங்க வேலையில.

டிரான்ஸ்பார்மர் பாத்திருக்கீங்களா? பக்கத்துல போயிப் பாத்தீங்கன்னா ஒரு சின்னக் கண்ணாடி ஜாடி இருக்கும். உள்ள கல்லுக்கண்டாட்டம் உருண்டை உருண்டையாக் கெடக்கும். அது நீலமா இருந்தா உள்ள ஈரமில்ல, டிரான்ஸ்பார்மர் சொகமா இருக்குது. ரோஸாயிருச்சுன்னா ஈரம் ஏறிருச்சு, மாத்தோணும். நின்ன எடத்துல இருந்து பாத்தாத் தெரிஞ்சுரும். அதுனாலதானுங்க நீலச் சீல.

என்ற பேரு மருதாசலம். ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிகல் போர்மேன். முன்னூத்திச் சொச்சம் மோட்டாரு, கரண்டப் பிரிச்சு உடற நாப்பது பேனலு, ரெண்டு டிரான்ஸ்பார்மர். அத்தனைக்கும் ஆளுக்கொரு கார்டு போட்டு வெச்சிருந்தன். இன்ன மோட்டாருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா கிரீஸ். இன்னதுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட்டு. வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் நிறுத்திப் போட்டு, பேனலத் தொறந்து, ஒவ்வொரு போல்ட்டாத் தொட்டு இறுக்கோணும். தேதி, பாத்தது என்ன, செஞ்சது என்ன, டிக்கு, கையெழுத்து.

இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்குது தம்பி. மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னு வெய்யிங்க. ராவும் பகலும் நின்னு அதச் சரி பண்றவனுக்கு மொதலாளி கையக் குடுத்து, ‘சபாஷ்’ங்கறாரு. எரியாமயே பாத்துக்கிட்டவன ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. ‘அதுதான் நல்லா ஓடுதே, எதுக்கு நிறுத்தறீங்க மருதாசலம்?’ இந்த ஒரு கேள்விய நான் எத்தன மேனேஜரு வாயால கேட்டிருப்பன்னு நெனைக்கறீங்க! நல்லா ஓடறப்பத்தாய்யா நிறுத்திப் பாக்கோணும். கெட்டுப் போனதுக்கப்புறம் பாக்கறதுக்கு நானெதுக்கு? சத்தம் போடற மோட்டாரால ஆபத்தில்லீங்க, அத யாரும் கவனிச்சுருவாங்க. சத்தமே போடாம ஓடிக்கிட்டிருக்குது பாருங்க, அத நம்பக் கூடாது. அதத்தான் மொதல்ல தொறக்கோணும்.

சரி, எப்ப நிறுத்தறது? மில்லு மூணு ஷிப்டும் ஓடும். வருசத்துல நிக்கறது பொங்கலுக்கு ரெண்டு நாளு, தீபாவளிக்கு ரெண்டு நாளு. பொங்கலுக்கு மெக்கானிக்கல்காரன் எடுத்துக்குவான். தீபாவளி எங்குளுது. ஊரே எண்ணெ தேச்சுத் தண்ணி வாத்துப் பலகாரம் திங்கறப்ப நாங்க பேனலுக்குள்ள தலைய உட்டுக்கிட்டு நிப்பம். இருபத்தெட்டுத் தீபாவளி. ஒண்ணுகூட ஊட்டுல இருந்ததில்ல.

ஊட்டுக்காரி ஒண்ணும் சொல்லமாட்டா. சுலோசனா அப்படியொரு மனுசி. நல்லெண்ணெயில சீரகம், வெத்தலையெல்லாம் போட்டுக் காய்ச்சி வெச்சிருவா. எட்டு மணிக்கு மில்லு ஆபீசுக்குப் போன் வரும். ‘பத்து நிமிசத்துல வந்தர்றன்’பன். பதினொரு மணிக்கு ஒரு போன். ‘பத்தே நிமிசம்’பன். பொழுதெறங்கிப் போவன், எண்ணெயத் திருப்பிக் காய வெச்சிருப்பா. ‘ஏன் லேட்டு’ன்னு ஒரு நாளு கேட்டதில்லீங்க. முப்பத்தி ரெண்டு வருசத்துல ஒரு கம்ப்ளெயின்ட்டு கெடையாது. அப்படியொரு சம்சாரம் அமையறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்.

ஒரு தீபாவளிக்கு மட்டும் மில்லு கேட்டுக்கே வந்துட்டா. புள்ளைக்கு அப்ப எட்டு வயசிருக்கும், யமுனாவுக்கு. ‘அப்பா புதுச் சட்டை போடாம நான் போட மாட்டன்’னு அழுதிருக்குது. என்ற சட்டைக்கு காலர்ல மஞ்சள் வெச்சு, எடுத்துக்கிட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்துட்டாங்க. வாட்ச்மேன் வந்து சொல்றான். எனக்கு அப்ப கையெல்லாம் கரி. மூணாம் நம்பர் பேனலு தொறந்து கெடக்குது. கேட்டுக்கு ஓடி, ‘வெச்சுட்டுப் போங்க, பத்து நிமிசத்துல வந்தர்றன்’னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டன். சட்டைய பேனல் ரூம்பு ஆணியில மாட்டினனுங்க. கார்த்திகைக்குத்தான் அது அங்க இருக்கறதே நெனப்பு வந்துது.

ஆனா அன்னிக்கு என்ன நடந்துதுன்னு கேளுங்க. சட்டைய மாட்டிட்டுத் திரும்பிப் பேனலுக்குள்ள கைய உடறன். கரண்டு போற செம்புப் பட்டைக ரெண்டு சேர்ற எடத்துல, பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத மூலையில ஒரு போல்ட்டு லூசு. பட்டை கருத்துப் போயி, பக்கத்துல இருந்த வொயரோட தோலு கருகிப் பொடியா உதிருது. இன்னொரு மாசம் ஓடியிருந்தா பத்தியிருக்கும். பஞ்சு மில்லு தம்பி! பொறி ஒண்ணு போதும். அந்த ஷெட்டுல ஷிப்டுக்கு நூத்தியிருபது பேரு, முக்கால்வாசி பொம்பளப் புள்ளைக. பட்டையத் தேச்சு, போல்ட்ட மாத்தி, இறுக்குனன். கார்டுல எழுதுனன். அவ்வளவுதான். எரியாமப் போன மில்ல யாருக்குக் கொண்டுபோயிக் காட்டறது? சுலோசனாகிட்டச் சொன்னன். ‘ம்’னா. அந்தப் புள்ள யமுனாதான் புதுப் பாவாட போடாமயே தூங்கிப் போயிருந்துது.

தண்ணி குடிக்கறீங்களா? எனக்கு வேண்டாம். ஆறுச்சாமி கதையச் சொல்லிப் போடறன், சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

ஆறுச்சாமின்னு ஒருத்தன் எனக்குக் கீழ இருந்தான். கைகாரன், நல்ல வேலைக்காரன். பெரிய பேன் மோட்டாரு ஒண்ணுக்கு கிரீஸ் வெக்கோணும், பேரிங்கத் தொறந்து பாக்கோணும். கார்டுல டிக் இருக்குது, கையெழுத்து இருக்குது. ரெண்டு மாசத்துல மோட்டாரு புடிச்சுக்கிட்டு எரிஞ்சே போச்சு. தொறந்து பாத்தா உள்ள கிரீஸே இல்ல, காஞ்சு கட்டியாக் கெடக்குது. பய தொறக்கவே இல்லீங்க. கேண்டீன்ல உக்காந்து டிக் போட்டிருக்கறான்! எனக்கு வந்துது பாருங்க கோவம். ஷெட்டுல அத்தன பேரு முன்னால வெச்சுக் கேட்டன். ‘ஏண்டா, தொறக்காம டிக் போட்டிருக்கறயே, சோத்துக்கு உப்புப் போட்டுத்தான் திங்கறயா?’ன்னு கேட்டன். அன்னிக்கு அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சாம், ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்னு அவசரத்துல போட்டுட்டானாம். போறவன் போ. யாரு வேண்டாங்கறது? ‘செய்யல’ன்னு எழுதிட்டுப் போயிருக்கலாமல்ல? கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாத்திப் போட்டன். கடைசி வரைக்கும் அவன் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நானும் பேசல. பேசறதுக்கு என்ன இருக்குது? தொறக்காம டிக் போடறது பொய்யி இல்லீங்க தம்பி, அதுக்கும் மேல. பொய்யின்னா ஒருத்தன ஏமாத்தறது. இது, எல்லாம் சரியா இருக்குதுன்னு அத்தன பேரையும் நிம்மதியாத் தூங்க வெக்கறது.

பல்லடம் தாண்டிட்டமா? தாண்டிட்டம். இன்னுங் கொஞ்ச தூரந்தான் மில்லு.

ரிட்டையர்டாகி ஊட்டுக்கு வந்தன். சும்மா இருக்க முடியுங்களா? பிரிட்ஜு, மிக்சி, கிரைண்டரு, தண்ணி மோட்டாரு, எல்லாத்துக்கும் கார்டு போட்டன். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சமையக்கட்டு ஷட்டவுனு. ஏனுங்க சிரிக்கறீங்க? மிக்சியக் கழட்டித் தொடச்சு வெச்சாத்தான பத்து வருசம் ஓடும்? சுலோசனா அதுக்கும் ஒண்ணும் சொல்லல. செவ்வாக்கெழம பழைய சோத்தத் தின்னுக்கிட்டா. நான் ஊட்டுக்கு வந்த நாப்பத்தியோராம் நாளு, ‘யமுனாவுக்குக் கொழந்தையப் பாத்துக்க ஆளில்ல, போயிட்டு வர்றனுங்க’ன்னு கிளம்பிட்டா. போன்னு தாட்டி உட்டன். கொழந்த இப்ப யூகேஜி போவுது. அவ வரல.

ஏன் வரலைன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. நல்லாத்தான ஓடிட்டிருக்குது, அத எதுக்குப் போயி நோண்டிக்கிட்டுன்னு உட்டுட்டன்.

ஆனா ஒண்ணு. அக்கறையில்லாத ஆளுன்னு என்னை ஒருத்தன் சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம காலையில பத்து மணியானாப் போன் போட்டுருவன். நாலு வருசத்துல ஒரு வாரம் தவறல. இந்தா பாருங்க நோட்டு. கோடு போட்டு வெச்சிருக்கறன். அஞ்சு கேள்வி. மாத்திர போட்டயா? சுகரு பாத்தயா? கால் வீக்கம் இருக்குதா? தூக்கம் வருதா? நேரத்துக்குச் சாப்படறயா? அவ ‘ம்’பா. கால் வீக்கத்துக்கு மட்டும் ‘இல்ல’ம்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக். எட்டு நிமிசத்துல முடிஞ்சுரும். பாருங்க, பக்கம் பக்கமா டிக்கு. ஒரு எடத்துல கூட இன்ட்டு மார்க்கு இல்ல.

அப்புறம் நான் என்ன பண்றது? டிவி பாப்பன். ஞாயித்துக்கெழம பத்தேகாலுக்கு மேல ஊட்டுல ஒரு சத்தமும் இருக்காது தம்பி. பிரிட்ஜு ஓடற சத்தந்தான். அது நின்னு நின்னு ஓடும். நிக்கறப்ப, அடடா, இது எப்ப மறுபடியும் ஓடும்னு உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பன். பைத்தியக்காரனாட்ட இருக்குதுல்ல? மனுசன் பேச்சுக் கேக்கோணுமேன்னு சும்மாவே கரண்டாபீசுக்குப் போன் போட்டு, ‘லைன்ல வோல்டேஜ் கம்மியா வருது’ம்பன். அங்கயும் இப்ப என்ற கொரலு தெரிஞ்சு போச்சு.

தீபாவளிக்கு யமுனா வருசா வருசம் கூப்புடும். கிளம்பித்தான் வருவன். ஆனா பஸ்ஸு மில்லுல நிக்கும். பத்து நிமிசம் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல போலாம்னு எறங்கிருவன். தீபாவளிக்கு மில்லு நிக்குது, ஆனா புது எஞ்சினியரு பேனலத் தொறந்து பாக்கற வேலையையே நிறுத்திட்டானுங்க. ‘கெட்டுப் போனா பாத்துக்கலாம் சார்’ங்கறான். மூணு வருசமா அந்த மூணாம் நம்பர் பேனல ஒருத்தன் தொறக்கல. நாலு லெட்டரு போட்டன், ஒரு பதிலு இல்ல. வாட்ச்மேன் உள்ள உடமாட்டான். ஒரு டீ வாங்கிக் குடுப்பான். கேட்டுக்கு வெளிய நின்னு டிரான்ஸ்பார்மர் சத்தத்தக் கேட்டுக்கிட்டே நிப்பன். பொழுதெறங்கிரும். அதுக்கப்புறம் மக ஊட்டுக்குப் போயி என்ன சொல்றது? எதுத்தாப்ல வர்ற பஸ்ஸுல ஏறி ஊட்டுக்கே போயிருவன். மூணு தீபாவளியும் இதே கதைதானுங்க.

நேத்துப் பொழுதோட யமுனா போன் பண்ணுச்சு. புதன்கெழமையில போனா, என்னமோ ஏதோன்னு எடுத்தன்.

ஆடி மாசம் சுலோசனாவுக்கு ஆபரேசன் ஆயிருக்குதுங்க. நெஞ்சுல கட்டி. பொம்பளைகளுக்கு வருதே, அது. கெட்ட கட்டி இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாராம், பயமில்லியாம். அஞ்சு நாளு ஆஸ்பத்திரியில கெடந்திருக்கறா. எனக்கு ஒருத்தரும் சொல்லல. ‘ஏன் அம்மிணி சொல்லல’ன்னு கத்தினன். யமுனா சொல்லுது, ‘நீங்க அந்த ஞாயித்துக்கெழமையும் பத்து மணிக்குப் போன் பண்ணினீங்கப்பா. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்துதான் பேசினாங்க. நீங்க கேட்டதுக்கெல்லாம் எப்பவும் போல ம், இல்லன்னு சொன்னாங்க. ஏம்மா சொல்லலைன்னு நானும் கேட்டன். அவுரு கேட்ட அஞ்சுல அது இல்லியே கண்ணுன்னாங்க’ங்குது.

இந்தாங்க, இந்தப் பக்கம். ஆடி, மூணாவது ஞாயிறு. பாத்தீங்களா? அஞ்சு டிக்கு.

நான் என்ன தம்பி பண்ணுவன்? போன்ல கூப்புட்டா எப்படிக் கண்டுபுடிக்கறது? சொல்லியிருக்கோணுமல்ல அவ? ஒரு வார்த்த, ‘வலிக்குது’ன்னு? டிரான்ஸ்பார்மருக்கு ஜாடி வெச்சிருக்கற மாதிரி மனுசங்குளுக்கும் ஒண்ணு வெச்சிருந்தா நான் பாக்க மாட்டனா? முப்பத்தி ரெண்டு வருசமா ஒரு சத்தம் போடாதவ, இப்ப மட்டும் போடுவாளா?

கடைசியா யமுனா சொல்லுச்சு. ‘அம்மா நாளைக்கு உங்களுக்கு எண்ணெ காய்ச்சி வெக்கறாங்களாம். இந்த ஒரு தடவதான் கூப்புடுவாங்களாம். இதுக்கும் மில்லுல எறங்கிட்டீங்கன்னா, இனிமே ஞாயித்துக்கெழமை போன எடுக்க மாட்டாங்களாம். இத அப்படியே சொல்லச் சொன்னாங்க’ன்னு. அவளா சொன்னா அப்படி? நம்பவே முடியலீங்க. அவளுக்கு இத்தன பேசத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

அதுதான் மொதப் பஸ்ஸுக்கே வந்துட்டன்.

இதென்ன, நின்னுருச்சு? மில் கேட்டா? வந்துருச்சா! டிரைவரு டீக் குடிக்க எறங்கறாப்ல. தீபாவளி அன்னிக்குக்கூட இந்த டீக்கடை தொறந்திருக்கும். அந்தா பாருங்க, வேப்பமரத்துக்குப் பின்னால தகரக் கூரை தெரியுதா? அதுதான் பேனல் ரூம்பு. உள்ள ஒரு சத்தமில்ல பாருங்க. எல்லா மோட்டாரும் நின்னுருச்சு. இப்பத் தொறக்காம வேற எப்பத் தொறக்கறது? வாட்ச்மேன் நிக்கறான். என்னைப் பாத்துட்டான், கையாட்டறான்.

தம்பி, சித்த காலை நகத்திக்குங்க. பத்தே நிமிசம். டிரான்ஸ்பார்மர் சத்தம் ஒரு மாதிரியா இருக்குது, உங்குளுக்குக் கேக்கல? கேட்டுகிட்ட நின்னு கேட்டுட்டு ஓடியாந்தர்றன். டிக்கெட்டும் இங்க வரைக்குந்தான இருக்குது.

ஏனுங்க என்னை அப்படிப் பாக்கறீங்க?

சரி. சரி, உக்காந்துட்டன். உக்காந்துட்டன் பாருங்க. கண்டக்டர் வரட்டும், சிங்காநல்லூருக்கு மாத்திக்கறன். சிங்காநல்லூர்ல எங்கயா? அதானே, எந்த ஸ்டாப்பு? மக ஊடு வாங்கி நாலு வருசமாச்சு, நான் ஒருக்காக்கூடப் போனதில்லீங்க. ஏதோ கோயிலுப் பக்கம்பாங்க. போன் பண்ணிக் கேக்கறதா? இப்பவா? இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே தம்பி.

நீங்களே அமுத்துங்க. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரியல. ‘சு’வுல இருக்கும்.

ஹலோ... நாந்தான். ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல, பயப்படாத. நல்லாத்தான் இருக்கறன். பஸ்ஸுல வர்றன். ஆமா, பஸ்ஸுலதான்... சிங்காநல்லூர்ல எங்க எறங்கோணும்? எனக்கு ஸ்டாப்புத் தெரியல சுலோசனா.

ஸ்டாப்பச் சொல்லாம வேறென்னமோ கேக்கறா தம்பி.

ஆங்? என்ன? இரு... மில்லத் தாண்டிட்டீங்களான்னு கேக்கறா.

இதுக்கு என்னன்னு சொல்லட்டும்? வாட்ச்மேன் இன்னும் கையாட்டிக்கிட்டிருக்கறான்.

தாண்டியாச்சு. ஆமா சுலோசனா, தாண்டியாச்சு. சொல்றனல்ல! எண்ணெய அடுப்புல வெய்யி, வந்தர்றன். வெய்யி.

போன வெச்சுட்டா, ஸ்டாப்பக்கூடச் சொல்லல. அழுதாளாட்ட இருந்துது.

பாத்தீங்களா தம்பி, செய்யாத வேலைக்கு டிக் போட்டுட்டன். என்ற வாழ்க்கையில இதுதான் மொத... இல்லீங்க. மொதத் தடவ இல்ல. நோட்டக் குடுங்க இங்க, அத உள்ள வெக்கறன். ஆறுச்சாமி போட்ட டிக்காவது ஒரு மோட்டாரோட போச்சு.

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர்! அந்த டிரைவரக் கூப்புடுங்க சாமி. டீய அப்புறம் குடிச்சுக்கலாம், நானே வாங்கித் தர்றன். விசில ஊதுங்க, உங்குளுக்குப் புண்ணியமாப் போகும். தாண்டிட்டன்னு சொல்லிப் போட்டனுங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க!